தாடி வளர்ந்த மாதங்களில் ஒரு குதிரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வைத்திருந்தோம். இதை யாருக்காவது சொல்லத் தொடங்கினால் முதலில் எனக்கே சிரிப்பு வரும். பாதி சொல்வதற்குள் குரல் மாறிவிடும். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். எழுதினால் நிதானமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஆக்லாந்தில் குதிரை வைத்திருப்பது பணக்காரர் விஷயம் மட்டும் இல்லை. தச்சர்களும் தபால்காரர்களும் பங்கு போட்டு வாங்குவார்கள். நாங்கள் அப்போது ஏவன்டேலில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பந்தயத் திடலின் கார் நிறுத்துமிடத்தில்தான் கூடும். கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வேலிக்கு அப்பால் பந்தயப் பாதை தெரியும். அங்கே நின்று கதைத்த கதைதான் கடைசியில் குதிரையாக வந்து நின்றது.

நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று நான், நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் நில அளவை வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலை. இரண்டாவது என் மனைவியின் தம்பி, வங்கியில் இருந்தான். மூன்றாவது ஏவன்டேலில் மசாலாச் சாமான் கடை வைத்திருந்தவர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், எங்களைவிட மூத்தவர். நாலாவது தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர், பக்குரங்காவில் சொந்த வீட்டுக்காரர்.

தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை போட்டோம். அதற்கு முந்தின வருடம் பொங்கல் விழாவை எந்த மண்டபத்தில் வைப்பது என்று ஒரு வாக்கெடுப்பு நடந்து, தமிழ் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகாத நிலைமை வந்திருந்தது. அந்தப் பயத்தில் கடைக்காரர் சொன்னார், குதிரை விஷயத்தில் வாக்கெடுப்பே வேண்டாம், நாலு பேரும் ஓம் என்றால்தான் எதுவும் நடக்கவேண்டும், ஒருவர் மறுத்தாலும் விட்டுவிட வேண்டும் என்று. எல்லாருக்கும் அது பண்பாகப் பட்டது. எனக்கும்தான்.

குதிரை கபில நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று, பின்னங்கால் ஒன்றில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல. ஏலத்தில் யாரும் பெரிதாகக் கேட்காமல் விட்ட ஆண்குட்டி. நகரத்துக்குத் தெற்கே ஒரு பயிற்சியாளரிடம் விட்டோம். அவருடைய லாயத்தில் வேலை செய்த ஒரு பெண்தான் எங்கள் குதிரையைப் பார்த்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். அவள் உடம்பு தேய்க்கும்போது குதிரை தாடையை அவள் தோளில் வைத்துக்கொண்டு தூங்கும்.

அந்த ஜூன் மாதம், அங்கே குளிர் தொடங்குகிற நேரம், பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், குளிர் முடிவதற்குள் இவனைக் காயடித்துவிட வேண்டும் என்று. எங்கள் பக்கத்தில் இதை நலமடிப்பது என்போம். குளிரில் ஈ இல்லை, புண் சுத்தமாக ஆறும், வசந்தகாலப் பந்தயங்களுக்குத் தயாராகிவிடுவான் என்றார். மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டுச் செய்வார். மறுநாளே நடக்க விடுவார்கள்.

ஏன் என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு லாயத்தின் நீளத்துக்கும் நடந்தார். ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அநேகமாக எல்லாமே பெட்டைகள், அல்லது காயடித்தவை. பெரிய பந்தயங்களை வென்று, நல்ல வம்சமும் இருந்தால்தான் ஓர் ஆண்குதிரை இனம் பெருக்கப் பொலிக்குப் போகும். பிறக்கிற ஆண்குட்டிகளில் அப்படிப் போகிறவை மிகச் சில. மற்றவற்றை அப்படியே விட்டால் கழுத்து தடிக்கும், முன்பாரம் ஏறிக் கால் கெடும், பெட்டை வாடை பட்டால் பந்தயம் மறந்துபோகும். காயடித்தது ஏழு எட்டு வயது வரைக்கும் ஓடும். ஓட்டம் முடிந்த பிறகும் அதற்கு ஒரு வாழ்க்கை உண்டு. சவாரி பழகுகிறவர்கள் வாங்குவார்கள், பிள்ளைகள் ஏறுவார்கள். தோற்றுப்போன பொலிக்குதிரையை எந்த வீட்டிலும் வைத்திருக்க முடியாது, எந்த வேலியும் தாங்காது. "அதற்கு லாரிதான்" என்றார். லாரி எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நாய் தகரத் தட்டிலிருந்த இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்தார்.

வெளியே வரும்போது அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். காயடித்துவிட்டால், ஓட்டம் முடிகிற அன்றைக்கு அவனைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் இருந்தது. அவன் சாகும்வரை அங்கே நிற்கலாம் என்றாள். நான் மகிழ்ந்துபோய், தருகிறோம் என்று சொன்னேன். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு எந்தப் பிராணிக்கும் கிடைக்காது.

அடுத்த கிழமை கடையின் பின்னறையில் கூடினோம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ். பயிற்சியாளர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கடைக்காரர் நான் பாதி சொல்லும்போதே கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அது ஒரு ஆம்பிளை" என்றார். "வாயில்லாச் சீவன் எண்டாப்போல நாங்கள் எதுவும் செய்யலாமோ?"

அவருடைய தகப்பனார் சவாரி மாடு வைத்திருந்தவர். வண்டிச் சவாரிக்கு, அதுதான் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு, அந்த வட்டாரத்திலேயே பேர்போன வீடு. அந்த மாடுகளுக்கு நலமடிக்காமலா ஓட விட்டார்கள் என்று கேட்டேன்.

"அது மாடு" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்ஜினியர் ஒரு கோப்பைத் திறந்தார். எங்கள் குதிரையின் வம்சத்தை நாலு தலைமுறைக்கு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். "சார், இவனோட தாய்வழித் தாத்தா யாருன்னு பாருங்க. நாளைக்கு ஒரே ஒரு பெரிய ரேஸ் அடிச்சான்னா, ஸ்டட் ஃபீஸ்லயே நாம உக்காந்து சாப்பிடலாம். இப்ப வெட்டிட்டா அப்புறம் ஒட்ட வைக்க முடியுமா?"

அந்தத் தாத்தாவுக்கு அந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் பேரர்கள் இருந்தார்கள். பலர் அந்த லாரியில்தான் ஏறியிருப்பார்கள். அதையும் சொன்னேன். அவர் புன்னகை செய்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்ன தரகரைப் பார்க்கிற புன்னகை.

அடுத்தது என் மைத்துனன். தட்டிலிருந்து இரண்டாவது ரோலை எடுத்தபடி, முகம் சிவந்து, சொல்லலாமோ தெரியவில்லை என்று தொடங்கினான். அவன் மனைவி கர்ப்பம். மூன்றாம் மாதம் நடக்கிறது. முன்பு இரண்டு தங்காமல் போயிருந்தன. அவன் தாடியை நான் அப்போதுதான் கவனித்தேன். மனைவி பிள்ளை பெறும் வரைக்கும் கணவன் சவரம் செய்யக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, சாவீட்டில் பிணம் தூக்கக்கூடாது, ஓர் உயிருக்குக் கெடுதல் செய்யக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம். பலர் பாதியைத்தான் பார்ப்பார்கள். இரண்டை இழந்தவன் முழுவதையும் பார்த்தான்.

"இன்னொண்டின்ர சந்ததியை அறுத்துப்போட்டு, எனக்கு ஒண்டைத் தா எண்டு நான் எந்த முகத்தோட கேக்கிறது அத்தான்?"

கடைக்காரர் எழுந்து அவன் முதுகில் தட்டினார். இன்ஜினியர் கோப்பை மூடினார். "குழந்தை விஷயம் சார். இதுக்கு மேல பேசக்கூடாது" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். என் கோபம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. பயந்தவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பயத்தின் பின்னால் போய் வசதியாக உட்கார்ந்துகொண்ட இரண்டு பேர்மேல் வந்தது. ஒருவருக்குத் தன் ஆண்மை, மற்றவருக்குப் பொலிக்காசு. இரண்டுக்கும் இப்போது ஒரு கர்ப்பிணியின் வயிறு கேடயமாகக் கிடைத்துவிட்டது.

தட்டில் ரோல்ஸ் முடிந்திருந்தது. அந்த ஆட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வாசலில் வைத்து மைத்துனனிடம் அதைக் கேட்டேன்தான். கடையில் வாங்குவது வேறு, அதில் தன் கை இல்லை என்றான்.

ஓகஸ்ட்டில் குதிரைக்கு மூன்று வயது. முதல் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். கடைக்காரர் கடைக்கு வந்த எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். இரண்டாவது ஓட்டம் செப்டம்பரில், வசந்தம் தொடங்கிய பிறகு. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும்போது முன்னால் ஒரு பெட்டை போனது. எங்களுடையவன் கனைத்தான் என்று சொன்னால் போதாது, அலறினான். பின்னங்காலில் எழுந்தான். உடம்பெல்லாம் நுரை தள்ளியது. அந்தப் பெண் கயிற்றை விடாமல் தொங்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓடத் தொடங்குவதற்கு முன்னமே அவன் ஓடி முடித்துவிட்டான். கடைசிக்கு முந்தியதாக வந்தான்.

"என்ன வீரியம் பாத்தியளோ" என்று கடைக்காரர் என் காதுக்குள் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

இரண்டு கிழமையில், தீனி வைக்கப்போன அந்தப் பெண்ணின் மேற்கையைக் கவ்வித் தூக்கி எறிந்தான். எலும்பு முறியவில்லை. கை முழுவதும் கறுத்துப்போனது. நான் பார்க்கப் போனபோது மற்றக் கையால் லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனில் பிழை இல்லை என்றாள். அவனைத் தனக்குத் தருவதாகச் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

நான் நேரே மைத்துனன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையால் வரவில்லை. அவன் மனைவி முதியோர் இல்லத்தில் தாதி; பகல் வேலை முடிந்து, கால் இரண்டையும் ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன்னைக் காரணம் காட்டித்தான் காரியம் நிற்கிறது என்று முதல்முறையாக என்னிடமிருந்து அறிந்தாள். முக்காலியிலிருந்து காலை இறக்கினாள்.

"என்ர வயித்தைச் சாட்டாதீங்கோ அண்ணை" என்றாள். "என்னட்டை ஆர் கேட்டது? நான் வேலையில எத்தினை பேருக்குக் காலை வெட்டினாப்பிறகு புண் கழுவிறன். அதெல்லாம் பிள்ளைக்குக் கூடாதெண்டால் நான் வீட்டிலயெல்லோ இருக்கவேணும். அந்தக் குதிரையை வெட்டச் சொல்லுங்கோ."

அப்போது மைத்துனன் உள்ளே வந்தான். தாடி கழுத்தை மறைக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதையே அவனிடமும் சொன்னாள். அவன் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"உனக்கு ஒண்டு நடந்தால் அத்தானோ வந்து பாக்கிறது?"

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. ஐந்து நாள் மழையில் நனைந்த ஆளைப்போல நின்றான். ஜனவரியில் பிள்ளை பிறந்தவுடன் முதல் வேலையாகச் சம்மதம் தருகிறேன், அதுவரைக்கும் மட்டும் என்று கெஞ்சினான்.

மற்ற இருவரையும் அன்றே தொலைபேசியில் கூப்பிட்டேன். கர்ப்பிணியே வெட்டச் சொல்லிவிட்டாள், இனி என்ன தடை என்று கேட்டேன். கடைக்காரர், பொம்பிளையள் அப்பிடித்தான் சொல்லுவினம், நாங்கள்தான் யோசிக்கவேணும் என்றார். இன்ஜினியர், கணவன் சம்மதம் இல்லாமல் அது ஒரு குடும்பப் பிரச்சினை ஆகிவிடும் என்றார். நாலு பேரும் ஓம் என்றால்தான் என்கிற பண்பை எனக்கு நினைவூட்டவும் செய்தார்.

ஒக்டோபரில் பயிற்சியாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். காயடியுங்கள், அல்லது கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய வேலையாளுக்கு இன்னொரு முறை காயம் பட அவர் விடமாட்டார். அது நியாயம்.

இன்ஜினியர் தன்னுடன் வேலை செய்யும் ஒருவர் மூலமாகப் பக்குரங்காவுக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் காணி பிடித்தார். நான் போய்ப் பார்த்தேன். வேலி கம்பி வேலி, சில கட்டைகள் உக்கியிருந்தன. பக்கத்துக் காணியில் யாருடையதோ சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை ஒன்று மேய்ந்தது. இந்த வேலி இவனுக்குக் காணாது என்று சொன்னேன். "சார், ஜனவரி வரைக்கும்தானே" என்றார் இன்ஜினியர். ஜனவரிக்குப் பிறகு அவர் சம்மதிப்பாரா என்று கேட்டேன். அப்போது பார்க்கலாம் என்றார். பிள்ளை பிறந்தாலும் அவர் சம்மதிக்கப் போவதில்லை என்று அந்த வேலியோரத்தில்தான் எனக்குத் தெளிவானது. கத்தினேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், ஊரான் காணியில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. சந்தையிலிருந்து திரும்பி, வெண்டிக்காயை மேசையில் கொட்டும்போது மனைவி சொன்னாள், காணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டவர், குதிரை வேலிக்குள் மாட்டிக்கொண்டதாம் என்று. நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கார் ஓட்டினேன்.

வேலியைத் தாண்டவில்லை, வேலிக்குள்ளாலேயே போயிருந்தான். முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து தோலில் தொங்கியது. பெட்டை தூரத்தில் புல் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவரை ஏற்கனவே அழைத்திருந்தார். அவள் இளம்பெண். கையுறையைக் கழற்றாமல் என்னிடம் வந்து, நீங்களா சொந்தக்காரர் என்று கேட்டாள்.

நாலு பேரில் ஒருவன் என்றேன். மற்றவர்களைக் கேட்கவேண்டுமா என்று கேட்டேன். அப்படித்தான் எனக்குப் பழக்கமாகியிருந்தது.

இதற்கு ஒருவர் சொன்னால் போதும் என்றாள்.

மாதக்கணக்காக மூன்று பேரிடம் கேட்டுத் திரிந்தேன், ஒரு சின்னக் கத்தி வேலைக்கு. கொல்வதற்கு ஒருவர் போதும். ஓம் என்று சொன்னேன். அவன் கழுத்தைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். கழுத்து உண்மையிலேயே தடித்துப்போயிருந்தது. கடைசியாகவும் அவன் காது அந்தப் பெட்டை நின்ற பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். அவர்கள் சொன்னதை அன்று நாட்குறிப்பில் எழுதினேன், அதனால் மாற்றமில்லாமல் தருகிறேன். இன்ஜினியர்: "ஐயோ, ஒரே ஒரு மேர் கூடப் பாக்காமப் போயிட்டானே சார்." அடுத்தது கடைக்காரர். "ஆம்பிளையாவே போயிட்டுது தம்பி. அந்தளவில சந்தோசம்" என்றார்.

மைத்துனன் முழுவதையும் கேட்டான். முடிந்துவிட்டது என்று நினைத்து ரிசீவரை வைக்கப் போனேன். அப்போது கேட்டான்.

"ஓமெண்டு சொன்னது நீங்கள்தானே அத்தான்? என்ர கை அதில படேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். "உன்ர கை படேல்லை. நீ போய்ப் படு."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் போனேன், தொட்டிலில் பார்த்தேன், கையில் காப்புப் போட்டேன். நல்ல பிள்ளை. அவன் மழித்த முகத்தோடு எல்லாருக்கும் பாயசம் கொடுத்தான். அந்தக் குழந்தை இப்போது வளர்ந்துவிட்டது. அவள்மேல் எனக்கு ஒரு மனக்கசப்பும் கிடையாது. கடைக்காரரோடும் இன்ஜினியரோடும் அன்றோடு கதை முடிந்தது. அடுத்த பொங்கலுக்கு ஆட்கள் மூன்றாகப் பிரிந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குதிரை செத்த மறுநாள் திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட முடியாது. அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு தெற்கே லாயத்துக்குப் போனேன். இதைத் தொலைபேசியில் சொல்வது சரியில்லை என்று பட்டது. அந்தப் பெண் வைக்கோல் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பு போய்ப் பல் பட்ட தழும்பு மட்டும் இருந்தது. சொன்னேன். அவள் வைக்கோல் வாரும் கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய், திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

அம்மா ஏற்கனவே காணியைச் சுற்றிப் பலகை வேலி அடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றாள். பிறகு, ஏன் அவனைக் காயடிக்கவில்லை என்று கேட்டாள். குளிர்காலத்திலேயே செய்திருந்தால் இன்றைக்கு அவன் இங்கே நின்றிருப்பானே என்றாள்.

நான் விளக்க முயன்றேன். கர்ப்பம், தாடி, சவரம், உயிருக்குக் கெடுதல் செய்யக்கூடாது என்பது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் கோபம் வடிந்து, ஒரு கவனமான மரியாதை வந்து உட்கார்ந்தது. புத்தர் சிலைக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றுகிற சுற்றுலாப் பயணியின் முகம். தனக்கு இது தெரியாது என்றாள். உங்கள் மதத்தில் அது கூடாது என்றால், அதைப் பற்றித் தான் எதுவும் சொல்லக்கூடாது என்றாள். மன்னிப்புக்கூடக் கேட்டாள், கேள்வி கேட்டதற்காக.

அந்த மரியாதையை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். மற்ற மூன்று பேரும் போயிருப்பார்கள். அவளுக்குக் கை கறுத்தது, குதிரை போனது, இப்போது மன்னிப்பும் அவளே கேட்கிறாள்.

"மதம் இல்லை" என்றேன். "மதத்தில் இதற்கு இடமே இல்லை. எங்கள் வீட்டுப் பொம்பிளையே வெட்டச் சொன்னாள். வெட்ட விடாதது ஆம்பிளைகள்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த மரியாதை போய்விட்டது. வரவேண்டிய கோபம் வந்தது. கவைக்கோலை எடுத்தாள்.

"அப்படியென்றால் நீங்கள் போகலாம்" என்றாள்.

போனேன்.